யாழ்ப்பாணத்தில் வீடு விற்கப் போகிறீர்களா? ஆட்கள் பார்க்க வர முதல் செய்யவேண்டியவை

வீட்டை விற்பனைக்கு ஆயத்தப்படுத்துவது பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சோபாவுக்குப் புதுத் தலையணை, மேசையில் பழக்கிண்ணம், சுவரில் ஒரு பெரிய படம், மூலையில் ஒரு செடி. யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்க வருபவர் இதையெல்லாம் திரும்பியும் பார்க்கமாட்டார். கேற்றைத் தாண்டியதும் அவர் கால் நேரே கிணத்தடிக்குப் போகும். அப்புறம் வேலி, அப்புறம் கூரை. ஹோலுக்குள் வந்து கதிரையில் இருக்கும்போது மனதுக்குள் பாதி விலையைக் குறைத்து வைத்திருப்பார். ஆகவே கையிலிருக்கிற காசை எதில் போடுவது என்ற ஒழுங்கு இங்கே வேறு. முதலில் தண்ணீர், எல்லை, கூரை, குளியலறை. மிச்சமிருந்தால்தான் சோடனை.

1. யார் வாங்குவார், எப்போது வருவார்?

இதைத் தீர்மானிக்காமல் ஒரு பெயின்ற் டின்னும் வாங்க வேண்டாம். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வீடென்றால் பல்கலைக்கழக மாணவருக்கு அறை வாடகைக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கோடு ஒருவர் வருவார். அவருக்கு மேல்மாடிக்குத் தனி வாசலும் இரண்டாவது குளியலறையும் இருந்தால் போதும், ஹோலின் அழகு இரண்டாம் பட்சம். போதனா வைத்தியசாலைக்குக் கிட்டவென்றால் கார் விட இடம் கேட்பார்கள். மானிப்பாய், உடுவில், கோப்பாய்ப் பக்கப் பெரிய வளவு வீட்டுக்கு வருபவர் அநேகமாக கனடாவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருக்கிற ஒருவருக்காக வருபவர். அவர்களுக்கு வளவும் மரமும் முக்கியம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஆடி ஆவணியில். அங்கே பள்ளி விடுமுறை, இங்கே 25 நாள் நல்லூர்த் திருவிழா. அந்தக் கூட்டத்தை மனதில் வைத்தால் ஆனி முடிய முதல் வேலைகள் முடிய வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. ஈரச் சுவருக்குப் பெயின்ற் அடித்தால் தை மாதமே பொக்களம் போடும். மாசி தொடங்கி சித்திரை வரைதான் பெயின்ற்றுக்கும் கூரை வேலைக்கும் தோதான காலம். மார்கழியில் வீடு பார்க்க வருவார்கள், அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், தை பிறக்கட்டும்.

2. உறுதியும் கதியாலும்

வீட்டை அழகாக்குவதற்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வீடு பிடித்துப்போன ஆள் அடுத்ததாகக் கேட்பது உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தைத்தான். அந்த நேரம் ‘அது தம்பியிட்டை கனடாவில கிடக்கு’ என்று சொன்னால் அத்தனை வெள்ளையடிப்பும் வீண்.

ஒரு கோப்பு எடுங்கள். உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதி, ஆதன வரிப் பற்றுச்சீட்டு, கரண்ட் பில், வீடு கட்ட எடுத்த அனுமதி. எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி வையுங்கள், மூலத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். சீதனமாக மனைவி பெயரில் இருக்கிற வீடென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படலாம் என்பதை முதலே நினைவில் வையுங்கள். பிரிக்கப்படாத பங்குக் காணியென்றால் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. வாங்குபவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவரா, இரட்டைக் குடியுரிமை உள்ளவரா என்பதையும் கேட்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. இதிலெல்லாம் ஒரு நொத்தாரிசோடு அரை மணி நேரம் பேசினால் பின்னுக்கு வரும் ஆறு மாத இழுபறியை மிச்சப்படுத்தலாம்.

எல்லைக்கு வருவோம். வேலி அடைக்கும் போதெல்லாம் கதியால், அதாவது வேலிக்கு நடும் தடி, ஒரு சாண் நகரும் ஊர் இது. அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். கற்களைச் சுற்றிச் செடி வெட்டி, தலையில் வெள்ளைப் பெயின்ற் தொட்டு விடுங்கள். பார்க்க வருபவருக்கு நான்கு கல்லையும் நடந்து காட்டக்கூடிய வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு வரும். விளம்பரத்தில் ‘4 பரப்பு’ என்று போட்டால் படத்திலும் அதுவே இருக்க வேண்டும். 1 பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பரப்புக் கணக்குப் பிடிபடாது, பேர்ச்சையும் சேர்த்து எழுதுங்கள்.

3. பூட்டிய அறையைத் திறவுங்கள்

யாழ்ப்பாண வீடுகளில் அநேகமாக ஒரு அறை பூட்டிக் கிடக்கும். 90களில் வெளிக்கிட்ட சித்தப்பாவின் அலுமாரி, அத்தையின் தையல் மெசின், யாரோ ஒருவரின் பாடப்புத்தகங்கள், ஓடாத ரேடியோ. வீட்டுக்காரருக்கு அது பாசம். வாங்க வருபவருக்கு அது ஒரு கேள்வி. உள்ளே சுவர் வெடித்திருக்கிறதோ, கறையான் பிடித்திருக்கிறதோ, வேறு யாருக்கும் பங்கு இருக்கிறதோ? பூட்டைக் கண்டதும் இந்த மூன்றும் வரும்.

உரியவர்களுக்கு வாட்சப்பில் படம் எடுத்து அனுப்பி, இன்ன திகதிக்குள் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராதவற்றை ஒரு பெட்டியில் போட்டு உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள். அறையை வெறுமையாகக் கழுவி, யன்னலைத் திறந்து, ஒரு கட்டிலை மட்டும் போடுங்கள். பூட்டிக் கிடந்த அறை படுக்கையறையாக மாறினால் மூன்றறை வீடு நாலறை வீடாகிறது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மதிப்புக் கூட்டும் வேலை வேறில்லை என்பேன்.

மாலை போட்ட படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோலில் வரிசையாக இறந்தவர்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு பல்ப். பார்க்க வருபவர், முக்கியமாக வயதானவர்கள், கொஞ்சம் தயங்குவார்கள். வீசி எறியச் சொல்லவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, நீங்கள் குடியிருக்கும் உள்ளறைக்கு மாற்றுங்கள். சாமியறையை அப்படியே விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக்கரியையும் மட்டும் துடையுங்கள்.

4. கிணறு

இந்தப் பகுதியில்தான் வீடு விலை போகும் அல்லது விழும்.

இப்படித்தான் நடக்கும். பிள்ளைக்காக வீடு பார்க்க வந்த அம்மா ஒருவர் கிணத்தடியில் நின்று, "தண்ணி சவரோ?" என்பார், உப்புக் கரிக்குமோ என்று. "ஒருக்கா குடிச்சுப் பாருங்கோ அன்ரி" என்று வாளியை நீட்டுவீர்கள். உள்ளங்கையில் ஊற்றி, வாய்க்குள் கொஞ்சம் உருட்டி, விழுங்கி, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பார்: "ஆவணியில எவ்வளவுக்கு இறங்கும்?" இந்தக் கேள்விக்குத் திக்காமல் பதில் சொல்ல வேண்டும். கோடையில் தண்ணீர் மிகக் குறைந்த நாளில் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு அளந்து வையுங்கள். அடிக்கணக்கைச் சொன்னால் நம்புவார், ‘வத்தினதே இல்லை’ என்றால் சிரிப்பார்.

கிணற்றை இறைத்துச் சேறு எடுக்கத் தண்ணீர் அடியில் நிற்கும் காலம்தான் வசதி. பழக்கமுள்ள ஆட்களை வைத்துச் செய்யுங்கள். மூடிக்கிடந்த ஆழக் கிணற்றில் காற்றோட்டம் பார்க்காமல் ஆளை இறக்க வேண்டாம். கிணற்றுக் கட்டு வெடித்திருந்தால் பூசி, கிணத்தடிச் சீமெந்துத் தளத்தைத் தேய்த்துப் பாசி எடுத்து, கழிவுநீர் வாய்க்காலைத் துப்புரவாக்கி, மேலே வலை போடுங்கள். இறைத்த பிறகு குளோரின் போடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். கப்பியும் கயிறும் பாவனையில் இல்லாவிட்டாலும் புதுக் கயிறு ஒன்று போட்டுவிடுங்கள். மோட்டர் பழுதானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

அப்புறம் நீர்ப் பரிசோதனை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து அறிக்கை எடுங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மேலே போடுகிற உரமும் மலக்குழிக் கசிவும் அதன் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடும். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இன் படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம், மொத்த வன்தன்மை (வெள்ளைப் படிவு விடும் சுண்ணாம்புத் தன்மை) 250 மில்லிகிராம் வரை இருக்கலாம். வன்தன்மை கூடினால் ஒளிக்க வேண்டாம், யாழ்ப்பாணத்தில் அது புதினமில்லை. குடிக்க வடிகட்டி பூட்டியிருந்தால் அதைக் காட்டுங்கள். சுன்னாகத்தைச் சுற்றிய ஊர்களென்றால் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றிக் கேள்வி நிச்சயம் வரும். 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விடயம், யாரும் மறக்கவில்லை. அங்கே எண்ணெய், கிரீஸ் அளவையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். குழாய்நீர் இணைப்பு வந்துவிட்ட இடமென்றால் அதன் பில்லையும் கோப்பில் வையுங்கள்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை அவர்கள் நடந்தே அளப்பார்கள். பொதுவாகச் சொல்லும் அளவு 50 அடி, சுண்ணக்கல் நிலத்தில் இதைவிடக் கூடினால் நல்லது. பக்கத்து வளவுக்காரரின் குழியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

5. குளியலறையும் குசினியும்

எங்கள் தண்ணீர் பைப்பிலும் ஷவரிலும் தைல்ஸிலும் வெள்ளைப் படிவு விடும். அது அழுக்கில்லை, ஆனால் பார்ப்பவருக்கு அழுக்குத்தான். வினாகிரியில் நனைத்த துணியைப் பைப்பில் சுற்றி இரவு விட்டுக் காலையில் தேயுங்கள். சின்னக் கறைக்குப் பாதித் தேசிக்காய் போதும். சீமெந்துத் தரையில் அசிட் ஊற்ற வேண்டாம், தரையை அரித்துவிடும். சொட்டுகிற பைப்பை மாற்றுங்கள், கொமட்டின் மூடியை மாற்றுங்கள், தைல்ஸ் இடுக்கில் புது வெள்ளைச் சீமெந்து வையுங்கள். முழுக் குளியலறையையும் உடைத்துக் கட்டத் தேவையில்லை. வாங்குபவர் தனக்குப் பிடித்த தைல்ஸ் போட்டுக்கொள்வார்.

குசினியில் புகைக்கரி பிடித்த சுவரைச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் பெயின்ற். மேடையில் காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்ப் பானை, அவ்வளவு. தூள் டின்களும் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களும் அலுமாரிக்குள். அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தால் கழுவிப் பின் விறாந்தையில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். சிரிக்க வேண்டாம், அதுவும் விலையில் சேரும்.

6. கூரை, சுவர், நிறம்

உச்சி வெயிலில் உள்ளே நின்று மேலே பாருங்கள். ஓட்டுக் கூரையில் வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் மழைக்கு ஒழுகும் இடம். அந்த ஓட்டை மாற்றி, பீலியில் சருகு எடுத்து, பிறகுதான் சீலிங்கில் இருக்கும் மஞ்சள் கறைக்குப் பெயின்ற். கறையை மட்டும் மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். தீராந்தியையும் நிலைகளையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கறையான். மருந்தடித்த பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.

அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய நாற்சார் வீட்டுச் (நடுவில் முற்றமுள்ள வீடு) சுவரில் நேரே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பொருக்கு உரியும். அங்கே சுண்ணாம்பே போதும். துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த துளைகள் இன்னும் இருக்கும் சுவர்கள் உண்டு. அவற்றைப் பூசிவிடுங்கள். ஆனால் போர்க்காலத்தில் கூரை போய்த் திரும்பப் போட்ட வீடென்றால் எந்த ஆண்டு போட்டது என்று சொல்லுங்கள், வளையும் மரமும் புதிது என்பது உங்களுக்குச் சாதகமான செய்திதான்.

நிறம்: வெள்ளை, கிறீம், இளஞ்சாம்பல். ஊதாவும் கிளிப்பச்சையும் ஒருகாலம் எங்கள் ஊரில் தலைவிரித்தாடின. அந்தச் சுவர்களைப் பார்த்ததும் வாங்குபவர் மனதில் பெயின்ற் செலவு ஓடத் தொடங்கும்.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் அதன்மேல் தைல்ஸ் ஒட்டாதீர்கள். கழுவிக் காயவிட்டு, மெழுகுப் பொலிஷ் பூசி, பொச்சுமட்டையால் தேய்த்தால் முகம் தெரியும். நாற்சார் வீடு தேடி வருபவருக்கு அந்தத் தரையும் தூணும் முற்றமும்தான் வேண்டும்.

7. அறைகள்

இது சுருக்கம். பாதித் தளபாடத்தை வெளியே எடுங்கள். மிஞ்சுவதைச் சுவரோரம் தள்ளாமல் நடக்க வழி விட்டுப் போடுங்கள். பிளாஸ்ரிக் கதிரை அடுக்குகள், பழைய நாட்காட்டிகள், காட்சி அலுமாரியில் நிரம்பி வழியும் பொம்மைகள், பட்டமளிப்புப் படங்கள் எல்லாம் பெட்டிக்குள். யன்னல் திரைச்சீலையை மெல்லியதாக்குங்கள். எல்லா பல்ப்பும் ஒரே நிறம், எல்லா விசிறியும் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். சுவிட்ச் உடைந்திருந்தால் மாற்றுங்கள், தொங்கும் வயரை யாரும் மன்னிப்பதில்லை. ஆளில்லாமல் கிடந்த வீட்டில் வௌவால் நாற்றம் இருந்தால் சீலிங் ஓட்டைகளை அடைத்து, சில நாட்கள் எல்லா யன்னலையும் திறந்து விடுங்கள். ஊதுபத்தியால் அது போகாது.

8. முற்றம், வேலி, ஒழுங்கை

பாத்தீனியக் களையைப் பூக்க முதல் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள், தோலில் பட்டால் கடிக்கும். சிரட்டை, பழைய டயர், மூடியில்லாத தாங்கி எல்லாவற்றையும் அகற்றுங்கள். நுளம்பு ஒன்று கடித்தால் ‘இங்கே டெங்கு இருக்கோ’ என்ற பேச்சு தொடங்கிவிடும். கிடுகு வேலியென்றால் புதிதாக அடையுங்கள், தகரத்தால் ஒட்டுப்போட வேண்டாம். மதிலென்றால் முன்பக்கம் மட்டும் வெள்ளையடித்தால் போதும். கேற் சத்தமில்லாமல் ஒரு கையால் திறக்க வேண்டும்.

மரம் வெட்டுவதில் அவசரம் கூடாது. பலா, ஈரப்பலா, பெண்பனை வெட்ட அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தவிர, காய்க்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று வளவில் நின்றால் அது உங்கள் பக்கம் நிற்கிற புறோக்கர். கீழ்க்கொப்பை மட்டும் கழித்து, அடியில் சருகு கூட்டி வையுங்கள். காய்க்கும் காலத்தில் வருபவருக்கு இரண்டு பழம் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஒழுங்கை உங்களுடையதில்லைத்தான், ஆனாலும் வீடு அங்கிருந்தே தொடங்குகிறது. ‘கார் போகுமோ, லொறி வருமோ’ என்பது கட்டாயக் கேள்வி. ஒடுங்கிய இடத்தை அளந்து வையுங்கள். வழியில் சரிந்து நிற்கும் கொப்புகளை அயலவரிடம் கேட்டு வெட்டுங்கள். கேட்கும்போதே வீடு விற்கும் விசயத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வாங்குபவர் போகும்போது மூலைக்கடையில் சோடா குடித்துக்கொண்டு உங்களைப் பற்றி விசாரிப்பார். அயலட்டை உங்கள் வாயால் கேட்டிருந்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்.

9. படமும் வீடியோவும்

நேரில் வருபவர் வாங்குபவராக இருக்கவேண்டும் என்றில்லை. பெரியம்மா நடப்பார், கையில் போன், அதற்குள் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் ‘மேலே காட்டுங்கோ, கீழே காட்டுங்கோ’ என்பார். அதனால் வீடு போனுக்குள்ளும் நன்றாகத் தெரிய வேண்டும். கிழக்குப் பார்த்த வீட்டை காலை வெயிலிலும் மேற்குப் பார்த்ததைப் பின்னேரத்திலும் எடுங்கள், நடுப்பகலில் எடுத்தால் விறாந்தை கறுத்துப்போகும். லென்ஸைத் துடைத்து, போனை நெஞ்சு உயரத்தில் கிடையாகப் பிடித்து, அறையின் மூலையில் நின்று எடுங்கள். வீடியோவைப் பிரதான வீதியிலிருந்து தொடங்கி, ஒழுங்கை, கேற், முற்றம், கிணறு, உள்ளே என்று வெட்டாமல் நடந்து எடுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், குயில் சத்தமே போதும். அறையைப் பெரிதாகக் காட்டும் அகல லென்ஸ் வேண்டவே வேண்டாம், நேரில் வந்தவர் ஏமாந்த முகத்தோடு நிற்பார். உறுதியையும் அடையாள அட்டையையும் படமெடுத்து முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

10. பார்க்க வரும் நாள்

காலை எட்டிலிருந்து பத்துக்குள், அல்லது நாலு மணிக்குப் பிறகு. ராகுகாலம் பார்த்து நேரம் கொடுங்கள், நீங்கள் பார்க்காவிட்டாலும் வருபவர் பார்ப்பார். அன்று மீன் பொரிக்க வேண்டாம். தாங்கி நிரம்பியிருக்கட்டும். நாயைக் கட்டுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு மேல் நிற்கவேண்டாம், அதிலும் ஒருவர்தான் கதைக்க வேண்டும். ஒருவர் ‘கொஞ்சம் குறைக்கலாம்’ என்று வாய்விட்டால் முடிந்தது.

தேத்தண்ணி கொடுங்கள், அது முறை. ஆனால் கையோடு கூட்டிக்கொண்டு அறை அறையாகப் பெருமை பேச வேண்டாம். ஒருமுறை காட்டிவிட்டு, ‘நீங்கள் ஆறுதலாகப் பாருங்கோ’ என்று விறாந்தையில் இருந்துவிடுங்கள். அவர்கள் கிணத்தடியில் தனியே நின்று கதைக்கிற அந்தப் பத்து நிமிசத்தில்தான் முடிவு எடுபடும். ஒழுகிய இடத்தையும் திருத்திய விதத்தையும் கேட்காமலே சொல்லுங்கள். எப்படியும் மூலைக்கடையில் தெரிந்துவிடும்.

விலை பொருந்தினால், அட்வான்ஸ் வாங்க முதல் ஒரு காகிதத்தில் எவையெல்லாம் வீட்டோடு போகும் என்று எழுதுங்கள். தண்ணீர் மோட்டர், தாங்கி, விசிறிகள், காஸ் அடுப்பு, சாமியறை மாடம், முற்றத்துப் பூச்சாடிகள். மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று உறுதி முடித்த பிறகும் சண்டைபிடிக்கிற குடும்பங்கள் உண்டு. இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுங்கள். திறப்புக் கொடுக்கிற அன்று கரண்ட் மீற்றரின் எண்ணைப் படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.